முன்சிறகு அல்ட்ராலைட்: சிங்கப்பூரில் இருந்துகொண்டு வாங்கவும் பறக்கவும்

1980களில் அமெரிக்காவில் செய்த முன்சிறகு (கனார்ட்) அல்ட்ராலைட், அதாவது மிக இலேசான சிறு விமானம் ஒன்று இணையத்தில் விலைக்கு வருகிறது. அலுமினியக் குழாய், டேக்ரான் துணி, முதுகுக்குப் பின்னால் ஓர் இன்ஜின், மூக்குக்கு முன்னால் ஒரு குட்டிச் சிறகு. விலையைப் பார்த்தால் நம்மூரில் கார் வைத்திருக்க வாங்கும் சிஓஇ சான்றின் கட்டணத்தில் சிறு பங்குகூட இல்லை. "இதைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவர என்ன செய்யவேண்டும்?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் பதில்: கொண்டுவராதீர்கள். விமானம் எந்தச் சட்டத்தின் கீழ் பறக்க முடியுமோ அந்த நாட்டிலேயே குடியிருக்கட்டும். நீங்கள் போய் வாருங்கள். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த வரிசையில்தான் போகிறது: முதலில் இடம், பிறகு பயிற்சி, கடைசியில்தான் விமானம்.

இங்கே ஏன் முடியாது

சுமார் 735 சதுர கிலோமீட்டர் நிலத்தில் சாங்கி, சிலேத்தார், பாய லேபார், தெங்கா, செம்பவாங் என்று விமான நிலையங்களும் விமானப் படைத் தளங்களும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. ஒரு டிரோனையே எடுத்துக்கொள்ளுங்கள். கால் கிலோவுக்கு மேல் எடை இருந்தால் பதிவு செய்யவேண்டும். விமான நிலையம், விமானப் படைத் தளம் ஆகியவற்றிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் பறக்கவிட அனுமதி வேண்டும். 60 மீட்டருக்கு மேலே போகவும் அனுமதி வேண்டும். பொம்மைக்கே இவ்வளவு என்றால், ஆள் உட்கார்ந்து பறக்கும், வானொலியோ, ரேடாருக்குத் தன்னை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரோ இல்லாத துணிச் சிறகுக்கு நடைமுறையில் இடமில்லை. இன்ஜின் நின்றால் இறங்க வயல் இல்லை. இருப்பதெல்லாம் வீவக அடுக்குமாடிப் புளோக்குகளும் விரைவுச்சாலைகளும்தான்.

விளம்பரங்களில் "விதி 103-இன் கீழ் வரும், உரிமம் தேவையில்லை" என்று எழுதியிருப்பார்கள். அது 1982-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க விதி. ஒரே இருக்கை, காலி எடை 254 பவுண்டுக்குள் (115 கிலோ), எரிபொருள் 5 அமெரிக்க கேலன் (சுமார் 19 லிட்டர்), மட்டப் பறப்பில் உச்ச வேகம் 55 நாட் (மணிக்குச் சுமார் 102 கிலோமீட்டர்), ஸ்டால் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் சிறகு தூக்குவதை விட்டுவிடும் வேகம், 24 நாட்டுக்கு (சுமார் 44 கிலோமீட்டர்) மேல் போகக்கூடாது. இவ்வளவுக்குள் இருந்தால் ஓட்டிக்கு உரிமமும் வேண்டாம், விமானத்துக்குப் பதிவும் வேண்டாம். பகலில், பொழுதுபோக்குக்காக, குடியிருப்புப் பகுதிகளுக்கு மேலே போகாமல் பறக்கலாம். அந்தச் சலுகை அமெரிக்க எல்லையோடு முடிந்துவிடுகிறது. கப்பலில் ஏறிவிட்டால் உங்கள் கையில் இருப்பது காகிதமே இல்லாத ஒரு பழைய விமானம். அதற்குப் புதிதாகக் காகிதம் வாங்குவது, வாங்கிய விலையைவிடப் பெரிய வேலை.

இத்தனைக்கும் முன்சிறகுக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. சிங்கப்பூரில் முதன்முதலாக விமானம் பறந்தது 1911 மார்ச்சில். ஜோசஃப் கிறிஸ்டியான்ஸ் என்ற பெல்ஜியக்காரர் பழைய குதிரைப் பந்தயத் திடலில், அதாவது இன்றைய ஃபேரர் பார்க்கில், பிரிஸ்டல் பாக்ஸ்கைட் ஓட்டிக் காட்டினார். அந்த விமானத்துக்கும் முன்னால் நீட்டிக்கொண்டு ஓர் எலிவேட்டர், அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் பலகை, இருந்தது. அடுத்த முறை ரேஸ் கோர்ஸ் ரோட்டில் மீன்தலைக் கறி சாப்பிடப் போனால் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே வைத்துக்கொள்வது

பக்கம் என்று பார்த்தால் மலேசியா. கடற்பாலத்தைத் தாண்டினால் போதும். ஆனால் அங்கே மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவும், பறப்பதற்கான அனுமதிச் சான்றும், அனுமதி பெற்ற ஓடுபாதையும் வேண்டும். எனவே வாங்கும் முன்பே ஒரு கிளப்பைப் பிடித்து, "இந்த மாடலை உங்கள் கொட்டகையில் வைக்க விடுவீர்களா, இதற்குச் சான்று கிடைக்குமா?" என்று எழுத்து மூலமாகக் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பி முன்பணம் கட்டாதீர்கள்.

இன்னொரு விஷயம் யாரும் முதலில் யோசிப்பதில்லை. ஜொகூரில் ஓடுபாதையை விட்டு வெளியே போனால் பெரும்பாலும் செம்பனைத் தோட்டம்தான். வானத்திலிருந்து பார்த்தால் பச்சைக் கம்பளமாகத் தெரியும். இன்ஜின் நின்றபிறகு அதில் இறங்க முடியாது. தோட்டத்துச் செம்மண் சாலைகள் மட்டுமே மிச்சம், அவையும் ஓலைகளுக்கு இடையே ஒடுங்கிக் கிடக்கும். அப்படிப்பட்ட ஊரில் பறப்பது என்றால், எந்த நொடியும் சறுக்கி வந்து ஓடுபாதையைத் தொடும் தூரத்துக்குள்ளேயே சுற்றவேண்டும்.

ஆஸ்திரேலியா அடுத்தது. பெர்த் ஐந்து மணி நேரப் பயணம். அங்கே ரிக்ரியேஷனல் ஏவியேஷன் ஆஸ்திரேலியா என்ற அமைப்பு சிறு விமானங்களைப் பதிவு செய்து, ஓட்டிச் சான்றிதழும் தருகிறது. ஒற்றை இருக்கை அல்ட்ராலைட்டுகளுக்கென்று 95.10 என்ற தனி வகையே உண்டு. திறந்த நிலமும் ஏராளம். பழைய முன்சிறகு விமானத்தை நீண்ட காலம் வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு என் விருப்பம் இதுதான். பயிற்சிக்கு மட்டும் என்றால் பிலிப்பீன்ஸில் பம்பாங்கா மாநிலம், மகாலாங்கில் உள்ள ஏஞ்சலிஸ் சிட்டி ஃபிளையிங் கிளப் நல்ல இடம். குவிக்சில்வர் வகைத் திறந்த அல்ட்ராலைட்டுகளில் முகத்தில் காற்றடிக்கக் கற்றுக்கொள்ளலாம்.

அமெரிக்காவிலேயே விட்டுவைப்பது சட்டப்படி மிகச் சுலபம், ஆனால் விமானச் சீட்டுக்குத்தான் பணம் போகும். அங்கே படிக்கும் பிள்ளையோ வேலை செய்யும் தம்பியோ இருந்தால் வேறு கதை.

எந்த விமானம்

சந்தையில் கண்ணில் படுபவை மூன்று. கலிஃபோர்னியாவின் வாட்சன்வில்லில் இருந்த டெரோடாக்டில் நிறுவனத்தின் அசெண்டர். நியூ மெக்சிகோவின் ஆல்பகர்க்கியில் அமெரிக்கன் ஏரோலைட்ஸ் செய்த ஈகிள். 1978-இல் பலூனில் அட்லாண்டிக்கைக் கடந்த மூவரில் ஒருவரான லாரி நியூமனின் நிறுவனம் அது. மூன்றாவது கோல்ட்விங், இதன் சிறகில் துணிக்குப் பதில் நுரையும் கண்ணாடியிழையும். அது பார்க்க அழகு. ஆனால் உள்ளே நுரை பிரிந்திருந்தால் வெளியிலிருந்து கண்டுபிடிப்பது கடினம். முதல் விமானமாக அதை நான் சொல்லமாட்டேன். குழாயும் துணியும் என்றால் கெட்டது கண்ணுக்குத் தெரியும்.

புதியவருக்கு அசெண்டர்தான் என் தேர்வு. பாராகிளைடருக்கு முந்தைய காலத்து இன்ஜின் இல்லாத ஹேங் கிளைடர் சிறகிலிருந்து பிறந்தது. முதலில் வந்த ஃபிளெட்ஜ்லிங் என்ற மாடலில் முன்சிறகு கிடையாது, உடலை அசைத்தே மூக்கை ஏற்றி இறக்கினார்கள். முன்சிறகு சேர்ந்ததும் அசெண்டர் ஆனது. ஆரம்பகால ஈகிளில் தொங்கு இருக்கையில் உங்கள் உடல் முன்பின் நகர்ந்தால் முன்சிறகின் எலிவேட்டரும் சேர்ந்து அசையும். வேறு விமானத்தில் பழகிய கைக்கு அது குழப்பம் தரும்.

இரண்டிலும் அய்லரான், அதாவது சிறகைச் சாய்க்கும் மடிப்புப் பலகை, கிடையாது. சிறகின் இரு நுனிகளிலும் சுக்கான்கள் நிற்கும். இடது சுக்கானைத் திருப்பினால் அந்த நுனி பின்தங்கி மூக்கு இடப்புறம் திரும்பும், ஒரு கணம் கழித்துச் சிறகும் சாயும். அந்த ஒரு கணத் தாமதத்தை நினைவில் வையுங்கள். குறுக்குக்காற்றில் ஒரு பக்கச் சிறகைத் தாழ்த்திப் பிடித்து இறங்கும் வித்தை இதில் நடக்காது. காற்று குறுக்கே வீசினால் அன்றைக்குப் பறக்கவேண்டாம்.

முன்சிறகு என்ன செய்கிறது

வழக்கமான விமானத்தில் வால் கீழ்நோக்கி அழுத்தி மூக்கைத் தூக்கி வைக்கிறது. முன்சிறகில் அந்தக் குட்டிச் சிறகும் மேல்நோக்கித்தான் தூக்குகிறது, சுமையில் ஒரு பங்கை அது சுமக்கிறது. ஒழுங்காக வடிவமைத்த முன்சிறகு விமானத்தில் மெதுவாகப் பறக்கும்போது முன்சிறகுதான் முதலில் ஸ்டால் ஆகும். மூக்கு தானாகத் தாழும், வேகம் கூடும், முன்சிறகு மீண்டும் பிடிக்கும், மூக்கு எழும். கைப்பிடியை முழுக்கப் பின்னால் இழுத்து வைத்திருந்தால் விமானம் மேலும் கீழுமாகத் தலையாட்டிக்கொண்டே இறங்கும். பெரிய சிறகு ஸ்டால் ஆகாது, அதனால் சுழன்று விழாது. இதைக் கேட்டுத்தான் பலர் மயங்குகிறார்கள்.

மயக்கத்துக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: எடை மையம் சரியான இடத்தில் இருக்கவேண்டும். அது பின்னால் போய்விட்டால் வரிசை தலைகீழாகிவிடும். பெரிய சிறகு முதலில் ஸ்டால் ஆகும். முன்சிறகு இன்னும் மூக்கைத் தூக்கிப் பிடித்திருக்க, விமானம் தட்டையாகவே கீழே போகும். அதிலிருந்து மீள்வது முடியாமலே போகலாம். 1903-இல் ரைட் சகோதரர்களின் விமானம் ஏறியிறங்கித் துள்ளியதற்கும் முன்சிறகோடு எடை மையம் பின்தள்ளி இருந்ததே காரணம்.

இன்னொன்று மழை. பர்ட் ரூட்டன் வடிவமைத்த லாங்-ஈஸி போன்ற வீட்டில் கட்டும் முன்சிறகு விமானங்களில், மழைத்துளியும் பூச்சிக்கறையும் முன்சிறகில் படிந்தால் தூக்குவிசை குறைந்து மூக்கு தாழ்வது தெரியவந்தது. பிறகு ஜான் ரான்ஸ் அதற்கு வேறு குறுக்குவெட்டு வரைந்து கொடுத்தார். துணிச் சிறகு வேறு ரகம்தான், ஆனாலும் ஈரமான முன்சிறகோடு கிளம்பாதீர்கள். விடிகாலைப் பனியைக்கூடத் துடைத்துவிட்டே ஏறுங்கள்.

பயிற்சி

பழைய முன்சிறகு அல்ட்ராலைட்டுகள் பெரும்பாலும் ஒற்றை இருக்கை. அதாவது உங்கள் முதல் பறப்பே தனிப் பறப்பு. ஆகவே இரண்டு இருக்கை கொண்ட சாதாரண அல்ட்ராலைட்டில் ஆசிரியரோடு முழுப் பயிற்சி முடித்து, தனியாகப் பறந்து, சான்றிதழ் வாங்கியபிறகுதான் இந்தப் பக்கம் வரவேண்டும். பெரிய விமானத்தில் உரிமம் வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். அவர்கள்தான் கூடுதலாகக் கவனிக்கவேண்டும். செஸ்னா போன்ற விமானத்தில் இன்ஜின் நின்றால் யோசிக்க நேரம் இருக்கும். கம்பியும் குழாயும் காற்றை எதிர்த்துக்கொண்டு நிற்கும் இந்த எடையில்லாத வண்டியில், இன்ஜின் சத்தம் நின்ற அதே கணம் மூக்கைக் கீழே தள்ளவேண்டும்.

பள்ளி, தொடக்கக் கல்லூரிப் பருவத்துப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், சிலேத்தாரில் இயங்கும் சிங்கப்பூர் இளையர் விமானக் கழகம் தனிப்பாதை. அங்கே டிஏ40 விமானத்தில் கற்கும் அடிப்படை எங்கும் உதவும்.

வாங்கும் முன் பார்க்கவேண்டியவை

நேரில் பாருங்கள். முடியாவிட்டால் அந்த ஊரில் இந்த ரகத்தைத் தெரிந்த ஒருவருக்குக் கூலி கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

துணியை வெயில் தின்னும். அதிலும் முதலில் போவது தையல் நூல். நகத்தால் நூலைச் சுரண்டிப் பாருங்கள், பொடிந்தால் சிறகு முடிந்தது என்று அர்த்தம். துணிக்கு பெட்ஸோமீட்டர் என்ற சிறு கருவி இருக்கிறது. மெல்லிய ஊசியைத் துணியில் குத்தி இழுத்து, குறித்த விசைக்குக் கிழிகிறதா என்று பார்ப்பார்கள். நிலநடுக்கோட்டு வெயிலில் மூடாமல் நிறுத்திவைத்த சிறகு, குளிர்நாட்டுக் கொட்டகையில் கிடந்ததைவிடச் சீக்கிரம் கெடும்.

குழாய்களில் போல்ட் துளைகளைப் பாருங்கள். வட்டமாக இருக்கவேண்டியது நீள்வட்டமாகியிருந்தால் அந்தக் குழாயை மாற்றவேண்டும். வளைந்த குழாயை நிமிர்த்தி மாட்டியிருந்தால் அதையும் மாற்றவேண்டும். கடலோரத்தில் இருந்த விமானம் என்றால் குழாயின் உள்ளே விளக்கடித்துப் பாருங்கள், வெள்ளைப் பொடி தெரிந்தால் அரிப்பு. எஃகுக் கம்பிகளின் மேல் ஒரு துணியை ஓட்டுங்கள். அறுந்த இழை துணியில் மாட்டும். விரலை ஓட்டினால் விரலில் மாட்டும்.

போல்ட் எல்லாம் ஏஎன் தர விமான போல்ட்டாக இருக்கவேண்டும். முஸ்தபாவில் கிடைக்காததே இல்லை என்பார்கள், ஆனால் இதற்காக அங்கே போகாதீர்கள். கழற்றிய லாக் நட்டைத் திரும்ப மாட்டாமல் புதிது போடுங்கள்.

இன்ஜின். பல அசெண்டர்களில் குயூனா 430 இருக்கும்: இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், சுமார் 30 குதிரைத்திறன். மினசோட்டாவில் பனிச்சறுக்கு வண்டிகளுக்காகச் செய்த குடும்பத்து இன்ஜின் நம்மூர் வெக்கையில் ஓடவேண்டியிருக்கிறது, பாவம். சிலிண்டர் தலை வெப்பமானியும் புகைவெப்பமானியும் இல்லாமல் ஓட்டாதீர்கள். எண்ணெய் குறைந்தாலோ கலவை மெலிந்தாலோ பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். குளிர்நாட்டில் சரிசெய்த கார்புரேட்டர் இங்கே கலவையைக் கெட்டியாக்கும், பிளக்கில் கரி படியும். வாங்கியதும் எரிபொருள் குழாய், வடிகட்டி, கிராங்க் சீல் மூன்றையும் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுங்கள். எண்ணெயை உற்பத்தியாளர் சொன்ன விகிதத்தில் கலக்கவேண்டும், கலந்து பழசான பெட்ரோலைக் காரில் ஊற்றித் தீர்க்கக்கூடாது.

ராக்கெட்டால் விரியும் அவசரக்காலப் பாராசூட் பொருத்தியிருந்தால் நல்லது, ஆனால் அதன் தேதியைப் பாருங்கள். அந்த ராக்கெட் சட்டப்படி வெடிபொருள். பெட்டியில் போட்டு எல்லை தாண்ட நினைக்கவே வேண்டாம்.

எடை பார்த்தல்

இந்த ஒரு வேலையை யாரிடமும் விடாதீர்கள். விமானத்தைச் சமதரையில், மூன்று சக்கரங்களுக்கும் கீழே மூன்று தராசு வைத்து, நீங்கள் ஹெல்மெட்டோடு இருக்கையில் உட்கார்ந்து எடை எடுக்கவேண்டும். உதாரணத்துக்கு முன்சக்கரம் 18 கிலோ, பின்சக்கரங்கள் தலா 75 கிலோ, முன்சக்கரத்துக்கும் பின்அச்சுக்கும் இடைவெளி 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 18-ஐ 1.5-ஆல் பெருக்கி, மொத்த எடை 168-ஆல் வகுத்தால் 0.16. எடை மையம் பின்அச்சுக்கு 16 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது.

இப்போது உங்களைவிட 20 கிலோ குறைந்த ஒருவர், பின்அச்சுக்கு 40 சென்டிமீட்டர் முன்னால் உள்ள அதே இருக்கையில் உட்காருகிறார். கணக்குப் போட்டால் மையம் 13 சென்டிமீட்டருக்கு வந்துவிடும். மூன்று சென்டிமீட்டர் பின்னால். முன்சிறகு விமானத்தில் அனுமதித்த எல்லையே குறுகியது, அதில் மூன்று சென்டிமீட்டர் அற்பம் இல்லை. பருமனான ஆளை மனத்தில் வைத்து வரைந்த இருக்கையில் 55 கிலோ உடம்போடு உட்காரும் நம் ஆட்கள் பலருக்கு மூக்கில் ஈயக்கட்டி தேவைப்படும். அதை போல்ட் போட்டு இறுக்குங்கள், டேப் ஒட்டி வைக்காதீர்கள். டாங்க் நிறைந்தபோதும் காலியானபோதும் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள். எல்லைகள் உற்பத்தியாளர் கையேட்டில் இருக்கும். கையேடு இல்லாத விமானத்தை வாங்காதீர்கள்.

முதல் ஓட்டம்

காற்றே இல்லாத காலையில், நீண்ட ஓடுபாதையில். சிறகு தூக்காத வேகத்தில் தரையில் ஓட்டிப் பழகுங்கள், சுக்கானுக்கும் திரும்பலுக்கும் இடையே உள்ள தாமதத்தை நீங்கள் உணரும்வரை. பிறகு பலர் ஓடுபாதை மேலேயே தத்தித் தத்தி எழுந்து இறங்கச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு குறைவு. மூன்று மீட்டர் உயரத்தில் வேகம் குறைந்து நிற்பதுதான் புதியவருக்கு மிக ஆபத்தான இடம். ஓடுபாதை மிக நீளமாக இருந்தால் ஒழிய, தரைப்பயிற்சி போதும் என்று ஆசிரியர் சொன்னதும் நேராக மேலே போய், உயரத்தில் மெதுவாகப் பறந்து அந்தத் தலையாட்டலை உணர்ந்து பார்ப்பதே நல்லது.

இறங்கும்போது வேகத்தைச் சற்றுக் கூட்டியே வாருங்கள். தரைக்கு மேலே இழுத்துக்கொண்டே இருந்தால் முன்சிறகு ஸ்டால் ஆகி மூக்குச் சக்கரம் படாரென்று விழும்.

விசிறி உங்கள் பின்னால் சுற்றுகிறது. தொப்பி, கைபேசி, செருப்பு எது கழன்றாலும் நேராக அதற்குள்தான் போகும். செருப்போடு ஏறாதீர்கள், பாக்கெட்டை ஜிப் போட்டு மூடுங்கள்.

வானிலை

சிங்கப்பூர், ஜொகூர் பக்கம் 32 டிகிரி வெயிலில் கடல்மட்ட ஓடுபாதையும் சுமார் 2,000 அடி உயரத்தில் இருப்பதுபோல நடந்துகொள்ளும். 30 குதிரைத்திறனுக்கு அது கணிசமான இழப்பு. மதியத்தில் வெப்பக்காற்று தூக்கிப் போடும், மாலையில் இடிமழை. மிஞ்சுவது விடிகாலை. அந்த நேரத்தில்தான் சுமத்ராக் காற்றும் வரும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்பிருந்து காலைவரை மேற்கிலிருந்து வரிசையாக வரும் இடிமேகம், மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைத் தள்ளிக்கொண்டு வரும். மெதுவாகப் பறக்கும்போது உங்கள் விமானத்தின் வேகமே அவ்வளவுதான். கிளம்பும் முன் வானிலை ஆய்வகத்தின் மழை ரேடாரைப் பாருங்கள், மலாக்கா நீரிணையில் கோடு போட்டாற்போல் சிவப்பு தெரிந்தால் வீட்டிலேயே இருங்கள். ஜூனிலிருந்து அக்டோபர்வரை புகைமூட்டக் காலம். அடிவானம் தெரியாத நாளில் பறக்கக்கூடாது.

மிச்சம்

மலேசியாவுக்குக் காரில் போனால் இங்கிருந்து பெட்ரோலைக் கேனில் அடைத்து எடுத்துச் செல்லாதீர்கள், அங்கேயே வாங்குங்கள். மானிய விலை ரான்95 வெளிநாட்டு வண்டிகளுக்குக் கிடையாது, ரான்97 உண்டு. விமானத்துக்கு எது என்பதைக் கையேடு சொல்லும்.

உங்கள் ஆயுள் காப்புறுதியையும் விபத்துக் காப்புறுதியையும் எடுத்து விலக்குகள் பக்கத்தைப் படியுங்கள். கட்டணம் செலுத்திய பயணியாக அல்லாமல் வேறு வகையில் பறந்தால் இழப்பீடு இல்லை என்று பல பாலிசிகளில் இருக்கும். கூடுதல் கட்டணத்துக்குச் சேர்க்கமுடியுமா என்று முகவரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி, வீட்டில் இருப்பவர்களிடமும் ஒரு நகல் கொடுங்கள்.